கூச்சல் போடும் பெட்டி

அந்தப் பெட்டியை ஏசி என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவளுடைய வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "ஏசியா? ஏசி மாதிரி வேஷம் போட்ட டப்பா அது. சூடு கக்குற மோட்டாரை ரூமுக்குள்ளேயே உட்கார வச்சுக்கிட்டு ரூமைக் குளிர வைக்குதாம். நல்லா இருக்கே நியாயம்!" என்பார்.

சொல்ல வேண்டியவர்தான். மனிதர் ஏசி மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்தது, அவர் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு போய், ஊராரின் வீட்டையெல்லாம் குளிர வைத்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவதைத்தான். கூட்டாளிகள் 'கூலிங்' என்றே கூப்பிடுவார்கள். அந்தக் கூலிங்குக்குத்தான் இப்போது வேர்ப்பதே இல்லை.

போன கோடையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டின் வெளிச்சுவரில் அவுட்டோர் யூனிட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, கால் வைத்திருந்த சன்ஷேடு பெயர்ந்து அதோடு சேர்ந்து விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. கை நன்றாக இருக்கிறது, புத்தி நன்றாக இருக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நெஞ்சுக்குக் கீழே மட்டும் தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

"வேர்த்தாத்தாம்மா உடம்பு ஆறும். இவருக்கு முக்கால்வாசி உடம்புல வேர்வையே வராது. சூடு ஏறிச்சுன்னா இறங்க வழியில்லை, உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். அவர்கள் இருப்பது மொட்டை மாடிக்கு நேர் கீழே. பகல் முழுக்கத் தளம் காய்ந்து, சாயங்காலம் வரை அந்தச் சூட்டைச் சின்ன அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். ஃபேனைப் போட்டால் அனல்தான் சுற்றும்.

கூட்டாளிகள் ஓடி வந்தார்கள். "அண்ணி, ஒரு நல்ல ஸ்ப்ளிட் ஏசியா நாங்களே கொண்டுவந்து மாட்டித் தர்றோம். ஒரு நாள் வேலை" என்றார்கள். அவள் முடியவே முடியாது என்றுவிட்டாள். ஸ்ப்ளிட் என்றால் அவுட்டோர் யூனிட் வேண்டும். அவுட்டோர் என்றால் யாரோ ஒருத்தர் வெளிச்சுவரில் தொங்க வேண்டும். "என் வீட்டுச் சுவத்துல இன்னொருத்தன் தொங்க வேண்டாம். அவன் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டாள். தரையில் உருட்டிக்கொண்டு போய் நிறுத்துகிற இந்தப் பெட்டி அப்படித்தான் வீட்டுக்கு வந்தது.

வந்த பெட்டிக்கு இடம்? கட்டிலுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி நின்ற இடத்தைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. எப்படியும் நாற்காலிக்கு அப்போது வேலை இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கம் புண்ணாகி, அது ஆறும்வரை எழுந்து உட்காரவே கூடாது என்று உத்தரவு. நாற்காலி கூடத்துக்குப் போனது. பெட்டியின் முதுகிலிருந்து போகும் தடித்த குழாய்க்கு ஜன்னலில் வழி செய்து, மிச்ச இடத்தை தெர்மகோல் அட்டையால் மூடி, சுற்றிலும் டேப் ஒட்டினாள் அவள். அவர் படுத்தபடியே மேற்பார்வை பார்த்தார். "மேல இன்னும் ஒரு இழுப்பு... அங்கே ஓட்டை தெரியுது பார்... ஐயோ, டேப்பை ஏன் இப்படிக் கஞ்சத்தனமா ஒட்டுறே!" அவள் ஏணியில் நின்றபடி, "வாயை மூடுங்க, இல்லேன்னா அதுக்கும் ஒட்டிடுவேன்" என்றாள்.

பெட்டி குளிர்வித்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அது போட்ட கூச்சல் இருக்கிறதே, அப்பப்பா! மாவு மில்லுக்குள் குடித்தனம் நடத்துகிற மாதிரி. அவர் ஒன்று சொன்னால் அவள் "என்ன?" என்பாள், அவள் ஒன்று சொன்னால் அவர் "கேட்கலை" என்பார். கொஞ்ச நாளில் தேவையானதை மட்டும் கத்திச் சொல்லிக்கொள்வது என்று ஆகிவிட்டது. மாத்திரை போட்டாச்சா! போட்டாச்சு! திரும்பிப் படுக்கணுமா! வேண்டாம்! இதையெல்லாம் எத்தனை ஆசையோடு கேட்டாலும், கத்திக் கேட்கும்போது சண்டை மாதிரிதான் இருக்கும்.

அவள் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். தைத்து வரும் சட்டைகளை மேஜையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, பட்டன் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து, தொங்கும் நூலைக் கத்தரிக்கும் வேலை. உள்ளே போகும்போது போனை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் கையில் கிடைக்கும். அவசரம் என்றால் வீட்டிலிருந்து ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட வேண்டும், ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து அவளுடைய வரிசையைக் கவனிக்கும் லைன் அக்காவிடம் சொல்ல வேண்டும், லைன் அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவளைக் கூப்பிட வேண்டும்.

போன வாரம் அவர் மூன்று தடவை அப்படிக் கூப்பிட்டுவிட்டார். ஒரு நாள் ரிமோட் கட்டிலுக்கு அடியில் விழுந்துவிட்டது. ஒரு நாள் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை நிறைந்துவிட்டது. மூன்றாவது நாள் பெட்டியிலிருந்து கருகல் வாடை வருகிறது என்று கூப்பிட, அவள் பாதி வேலையில் விழுந்தடித்து ஓடி வந்து பார்த்தால், தெருவில் யாரோ குப்பை கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

லைன் அக்கா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கும் மனசு இருக்கு. ஆனா மேனேஜர் கேட்டுட்டார். இன்னொரு தடவை பாதியில போனா, அப்படியே போகச் சொல்லிடுவார். அப்புறம் என்னைக் குறை சொல்லாதே" என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த வேகத்தில் அவள் பெட்டிக்கும் மேலே கத்தினாள். "உயிர் போற விஷயமா இருந்தா மட்டும் ஆபீஸுக்குப் போன் பண்ணுங்க! இந்த வேலையும் போச்சுன்னா ரெண்டு பேரும் எங்கே போறது?" அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதையும் கத்தித்தான் கேட்க வேண்டும். விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்தது அந்தப் புழுக்கம். மழை வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டியது, வரவில்லை. துணி காயவில்லை, உப்பு நீர்த்தது, பெட்டியிலிருந்து தண்ணீர் கொட்டியது. குளிர்விக்கிற பெட்டி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராக விடும் என்பது அவருடைய பாடம். அது வெளியேற, பெட்டியின் அடியில் இருக்கும் துளையில் ஒரு மெல்லிய டியூபைச் செருகி, தரையில் ஒரு ட்ரேயில் விடச் செய்திருந்தார். சாதாரணமாக ட்ரேயில் கால்வாசிகூடச் சேராது. முந்தின நாள் ட்ரே வழிந்து, கட்டிலுக்கு அடியில் ஓடி, சுவிட்ச் போர்டு வயர் வரை போய்விட்டது. அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

அதனால் காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் ட்ரேயை எடுத்துவிட்டு, ஒரு பெரிய வாளியை வைத்தாள். டியூபின் நுனியை வாளியின் விளிம்புக்கு மேல் தூக்கி உள்ளே விட்டு, நழுவாமல் துணிக் கிளிப்பால் கவ்வ வைத்தாள். சாயங்காலம் வரை வழியாது. பெட்டிக்குப் பின்னால் நடந்த இதெல்லாம் படுத்திருந்தவருக்குத் தெரியவில்லை. தண்ணீர் பாட்டில், போன், ரிமோட் எல்லாவற்றையும் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்து, "வர்றேங்க!" என்று கத்திவிட்டு, குளிர் போகாதபடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாசலைப் பூட்டிக்கொண்டு போனாள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன் போன் செய்தாள். வழக்கம் போலக் கத்துவதற்கு மூச்சை இழுத்தபோதே, அந்தப் பக்கத்திலிருந்து, "சாப்பிட்டியா?" என்று அவர் குரல் காதோடு காதாகக் கேட்டது.

"இன்னும் இல்லை. நீங்க?"

"எனக்குப் பசியே இல்லை. என்ன கொண்டு போனே?"

"வேறென்ன, காலையில வச்சதுதான். உப்பு ஜாஸ்தி."

"எனக்குத் தெரியாதா? நான்தான் வாயைத் திறக்காமச் சாப்பிட்டேனே. புருஷன்னா அப்படி இருக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் விடவில்லை. "உங்க லைன் அக்கா எப்படி இருக்காங்க? இன்னைக்கு யார் தலையை உருட்டினாங்க?" என்று கேட்டார். அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள். லைன் அக்கா காலையில் மூக்குக் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு, வரிசை முழுக்கத் தேடி, எடுத்தது யார் என்று எல்லோரையும் ஒரு பிடி பிடித்த கதை. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரி, என்னாச்சு இவளுக்கு என்று பார்த்தாள்.

"அப்புறம்?" என்றார் அவர். "இன்னும் சொல்லு."

"அப்புறம் என்ன, மணி அடிச்சுடுவாங்க. நான் இன்னும் சாப்பிடவே இல்லை."

"சரி... சாப்பிடு." அவள் வைப்பதற்குள், "உன்னை ரொம்பப் படுத்துறேன் இல்லே?" என்றார்.

"ஆமா, ரொம்ப. வைங்க போனை" என்று அவள் சிரித்துக்கொண்டே வைத்தாள்.

எவ்வளவு நாளாயிற்று இப்படிப் பேசி! உப்பு ஜாஸ்தியான சாப்பாடு அன்றைக்கு உள்ளே இறங்கியதே தெரியவில்லை. போனை லாக்கரில் வைத்துவிட்டு மேஜைக்கு வந்தாள். தையல் மெஷின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பித்தன. பக்கத்து மேஜைக்காரி ஏதோ கேட்டாள்.

"என்ன?"

"என்னடி அப்படி ஒரு சிரிப்புன்னு கேட்டேன்!" என்று அந்தப் பெண் கத்தினாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நானும் கத்த வேண்டும். கத்தினால்தான் கேட்கும். அவர் ஏன் கத்தவில்லை? நான் ஏன் கத்தவில்லை? பெட்டி ஓடினால் அவர் குரல் அப்படிக் கேட்குமா? கையிலிருந்த கத்தரி மேஜையில் விழுந்தது.

லைன் அக்காவிடம் ஓடினாள். "அக்கா, நான் போகணும். அவரோட சத்தமில்லாமப் பேசினேன்க்கா."

"சந்தோஷம்தானே? அதுக்கு ஏன் போகணும்?"

"ஐயோ, பெட்டி நின்னுடுச்சுக்கா! ரூமெல்லாம் அடைச்சு வச்சிருக்கேன். அவருக்கு வேர்க்காதுக்கா, செத்துடுவார்!"

லைன் அக்காவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் தன்னுடைய போனை எடுத்து நீட்டினாள். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. கீழ் வீடும் பூட்டிக் கிடக்கிறது, போய்ப் பார்க்கச் சொல்ல ஒருத்தர் இல்லை.

"வா" என்றாள் லைன் அக்கா. ஸ்கூட்டர் சாவியை எடுத்தவள், மேனேஜர் அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வழியெல்லாம் லைன் அக்கா சத்தம் போட்டுக்கொண்டே ஓட்டினாள். முன்னால் போன லாரியைத் திட்டினாள், சிக்னலைத் திட்டினாள், "எட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லாம எப்படிடி பூட்டிட்டு வர்றே?" என்று அவளையும் திட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. உன்னை ரொம்பப் படுத்துறேன் இல்லே. அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. எந்த மனிதன் அப்படிக் கேட்பான்? போகிறவன்தானே கேட்பான்? அதற்கு அவள், ஆமா ரொம்ப என்று சொல்லிச் சிரித்தாளே, பாவி! வாய் இருந்தும் சொல்லாமல் போகப் பார்க்கிறாரா?

மாடிப்படியில் ஓடி, பூட்டைத் திறக்கத் தெரியாமல் திறந்து, அறைக் கதவைத் தள்ளியபோது அனல் முகத்தில் அடித்தது. பெட்டி சத்தமே இல்லாமல் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் செக்கச் செவேலென்று இருந்தது. பாட்டில் காலி. இருந்த தண்ணீரையெல்லாம் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றிக்கொண்டிருக்கிறார், அது காய்ந்தும் போயிருந்தது. தொட்டாள். சுட்டது. ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"ஏங்க! ஏங்க, என்னைப் பாருங்க!"

கண் திறந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. "அந்த வயரைத் தொடாதே, லைவ்ல இருக்கு" என்று யாரிடமோ குளறினார்.

அவள் கட்டில்மேல் ஏறித் தெர்மகோல் அட்டையை இரண்டு கையாலும் பிய்த்து எறிந்தாள். எவ்வளவு பாடுபட்டு ஒட்டிய டேப்! லைன் அக்கா அதற்குள் ஆம்புலன்ஸுக்குப் பேசிவிட்டுக் குளியலறையிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். மெத்தை போனால் போகட்டும். துணியை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார்கள், ஃபேனைப் போட்டார்கள், மறுபடி ஊற்றினார்கள். இன்னும் தண்ணீர் வேண்டும் என்று பெட்டிக்குப் பின்னாலிருந்த வாளியை இழுத்தாள் அவள். காலி வாளி. ஒரு சொட்டுகூட விழவில்லை.

டியூபைப் பார்த்தாள். துளை தரையோடு தரையாக இருக்கிறது. டியூப் அங்கிருந்து வாளி உயரத்துக்கு ஏறி, கிளிப்பில் அழகாகத் தொங்குகிறது. தண்ணீர் எப்படி மேலே ஏறும்? வெளியேற வழியில்லாமல் பெட்டியின் வயிறு நிறைந்து, தானாக நின்றுவிட்டது. சட்டையில் ஒரு நூல் பிசகினால் கண்டுபிடிக்கிறவள், தன் கையாலேயே இதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஐஸ் பொட்டலம் வைத்து, ட்ரிப் ஏற்றிக்கொண்டே கீழே இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள். வராந்தா பெஞ்சில் லைன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அதுவரை வராத அழுகையை எல்லாம் அழுதாள். லைன் அக்கா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கடைசியில் எழுந்து, "நான் போறேன். மேனேஜர்கிட்டப் பேசிப் பார்க்கிறேன். என்ன பேசுறதுன்னு எனக்கே தெரியலை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது, இரண்டு நாள் இருக்கட்டும் என்றார்கள். அவர் முழித்துக்கொண்டு மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வார்டு ஏசியில ஃபில்டரைக் கழுவி ஒரு வருஷமாவது இருக்கும்" என்றார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நான்தாங்க காரணம்" என்று ஆரம்பித்து வாளிக் கதையைச் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

அவர் கேட்டுவிட்டு, "தண்ணி மேல ஏறுமா? மெக்கானிக் பொண்டாட்டின்னு வெளியில சொல்லிடாதே" என்றார். பிறகு, "ட்ரே வழியுதுன்னு நான் அந்தக் கத்து கத்தினா நீ வேறென்ன பண்ணுவே" என்றார்.

"எப்போ நின்னுச்சு?"

"நீ போய்க் கொஞ்ச நேரத்துலயே."

"காலையிலயேவா! அப்பவே ஆபீஸுக்குப் போன் பண்றதுக்கு என்ன?"

"உன் வேலை போயிடும். எப்படியும் மதியம் நீயே கூப்பிடுவே, அப்போ சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் தாங்கும்னு நினைச்சேன். தாங்கவும் செஞ்சுது."

"நான்தான் கூப்பிட்டேனே! பேசினீங்களே! அப்போ ஏன் சொல்லலை?"

அவர் கூரையையே பார்த்தார். அவள் விடுவதாக இல்லை. "சொல்லுங்க. போயிடலாம்னு பார்த்தீங்களா? என்னை விட்டுட்டு?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றார் மெதுவாக. "நீ சிரிச்சே. நான் விழுந்ததுக்கு அப்புறம் நீ அப்படிச் சிரிச்சு நான் கேட்கவே இல்லை. சொன்னா உடனே நின்னுடும். இன்னும் கொஞ்சம் கேட்டுட்டுச் சொல்லலாம்னு பார்த்தேன், நீ வச்சுட்டே." பிறகு, "வச்சதுக்கு அப்புறம் ஒரு மாதிரி தூக்கம் வந்துச்சு. இப்படியே தூங்கிட்டாலும் பரவாயில்லைன்னு தோணுச்சு. பொய் சொல்லலை, தோணுச்சு" என்றார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கையை ஓங்கி அவர் தொடைமேல் ஓர் அடி வைத்தாள். பிறகு இன்னோர் அடி. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அங்கே அடிச்சா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

அவள் எழுந்து குனிந்து, அவர் காதைப் பிடித்து முறுக்கினாள்.

"ஆ... வலிக்குது!"

"வலிக்குதா?"

"வலிக்குது, விடு."

அவள் விடவில்லை.